நீரில் மூழ்கும் மரம் அடுப்புக்கா?

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் வளரும் கிட்ஜி மரத்தின் வைரக் கட்டையைத் தண்ணீரில் போட்டால் மிதக்காது. நேரே அடிக்குப் போய்விடும். நம் கருவேலத்துக்குத் தூரத்து உறவான வாட்டில் இனம் அது. அந்த நாட்டில் மட்டும் வாட்டிலில் ஏறத்தாழ 1,000 வகைகள் உண்டு. கிட்ஜி, மல்கா, பிரிகலோ போன்றவை அவற்றில் மிகக் கடினமானவை. நன்கு காய்ந்த கிட்ஜி ஒரு கன மீட்டர் 1,200 கிலோவுக்கு மேல் எடை நிற்கும். மல்கா 1,100 கிலோ அளவு. நம் தேக்கு சுமார் 650 கிலோ. எந்த மரமானாலும் அதன் செல் சுவரின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,500 கிலோதான். ஆகவே எடை வேறுபாடு முழுவதும் உள்ளே இருக்கும் வெற்றிடத்தைப் பொறுத்தது. தேக்கில் பாதிக்கு மேல் வெற்றிடம். கிட்ஜியில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. வறண்ட மண்ணிலிருந்து நீரை உறிஞ்ச மரம் மிகக் கடுமையாக இழுக்க வேண்டும். அந்த இழுவிசையில் நீர்க்குழாய்கள் நசுங்காமலும், நீர்த்தாரை அறுந்து காற்று புகாமலும் இருக்கத் தடித்த சுவர்கள் வேண்டும். மழை எப்போதாவது பெய்யும் நிலத்தில் இப்படிச் சுவர் சுவராகக் கட்டி எழும் மரம் மிக மெதுவாகத்தான் பருக்கும். இத்தகைய பொருளை டன் கணக்கில் எடை போட்டு விறகாக எரிப்பது தவறு; குறைந்த அளவில் எடுத்து, நீண்ட காலம் நிலைக்கும் வேலைக்கே அதைப் பயன்படுத்த வேண்டும். இந்த முடிவுக்கு மரத்தின் இயல்பே சான்று தருகிறது.

அந்த இயல்பை முதலில் உணர்வது சங்கிலி ரம்பத்தின் பல். இன்று உலகெங்கும் ஓடும் ரம்பச் சங்கிலியின் வடிவம் 1947-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் உருவாக்கியது. மரத்தைக் குடையும் வண்டுப்புழு தாடைகளை இடம் வலமாக அசைத்துத் தின்பதைக் கவனித்து, இடப்பல்லும் வலப்பல்லும் மாறி மாறி மரத்தைச் சீவும்படி அவர் அமைத்தார். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு திமில் இருக்கும். பல் எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதை அதுவே தீர்மானிக்கிறது; பொதுவாக அந்த இடைவெளி 0.65 மில்லிமீட்டர். மென்மையான மரத்தில் திமிலை அரத்தால் இன்னும் தேய்த்து, பெரிய சீவலாக வாரி எடுக்கலாம். கிட்ஜியில் அதைச் செய்தால் பல் சிக்கி ரம்பம் உதறும். அரம் பிடிக்கும் கோணத்தையும் வழக்கமான 30 பாகையிலிருந்து 25-க்குக் குறைப்பார்கள். விளிம்பின் மெல்லிய கூர் கொஞ்சம் போனாலும் உறுதி கூடும். பெரிய எஞ்சின் வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. நொடிக்கு சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடும் சங்கிலி மழுங்கிவிட்டால், கூடுதல் குதிரைத்திறன் வெட்டாக மாறாமல் உராய்வாகவும் சூடாகவும் மாறுகிறது. சீவல் வரவேண்டிய இடத்தில் மாவு போன்ற தூள் பறக்கும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. பல்லை மழுங்கடிப்பது மரம் மட்டுமல்ல. காற்று கொண்டுவந்து பட்டையின் வெடிப்புகளில் திணித்த மணலும், பொந்துக்குள் கரையான் கட்டிய மண்ணும் சேர்ந்தே கூரைத் தின்கின்றன. அறுக்கும் இடத்தில் பட்டையைச் செதுக்கிவிட்டுச் சங்கிலியை இறக்குவது அரம் பிடிக்கும் நேரத்தைப் பெருமளவு மிச்சப்படுத்தும்.

இந்த மரத்தோடு மிக நீண்ட பழக்கம் உள்ளவர்கள் அந்நிலத்தின் பழங்குடிகள். அவர்களது துலா என்ற கல் உளி இத்தகைய பாலைவன வைரத்துக்கென்றே உருவானது. ஸ்பினிஃபெக்ஸ் புல்லின் பிசினால் கைப்பிடியில் ஒட்டிய அந்தக் கல்லால் சிறிது சிறிதாகச் சீவுவார்கள்; மழுங்கியதும் விளிம்பைத் தட்டிக் கூராக்குவார்கள்; கல் தேய்ந்து துண்டாகும் வரை இது தொடரும். ஈட்டியெறி கருவி, பூமராங், கிழங்கு தோண்டும் கோல் எல்லாம் மல்காவில் இப்படிப் பிறந்தவை. ஆண்டுக்கணக்கில் கையில் இருக்கும் கருவிக்கு மட்டும் அவ்வளவு உழைப்பைச் செலவிடுவது நியாயம். பின்னால் வந்த குடியேறிகளும் இதே பாடத்தைத் தம் செலவில் கற்றார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901-க்கும் 1907-க்கும் இடையே 1,800 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட முயல் தடுப்பு வேலி போடப்பட்டது. அதில் சால்மன் கம், கிம்லெட் ஆகிய யூகலிப்டஸ் கம்பங்களில் கரையான் ஏறியதால் அவற்றை மாற்ற வேண்டியதாயிற்று. அந்த வேலிக்குப் பயன்பட்ட மற்ற மரங்களில் மல்காவும் ஒன்று. சிம்ப்சன் பாலைவன விளிம்பின் வாடி மரத்துக்கு அதன் உறுதியே வினையாக முடிந்தது. மாட்டுப்பட்டிக் கம்பங்களுக்காக அதை வெட்டினார்கள். இன்று பேர்ட்ஸ்வில், பௌலியா, அண்டாடோ என்ற மூன்று இடங்களை ஒட்டியே அது முக்கியமாக எஞ்சியிருக்கிறது. அதை ரம்பம் தொடவே கூடாது.

அடர்ந்த கட்டை நின்று எரியும், தணல் நெடுநேரம் இருக்கும், அதனால் இதுவே சிறந்த விறகு என்பார்கள். நின்று எரிவது உண்மை. ஆனால் எடைக்கு எடை பார்த்தால், உலர்ந்த எந்த மரமும் தரும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு கிலோ கிட்ஜி தரும் சூட்டை ஒரு கிலோ சாதாரண மரமும் தரும். பின்னது அடுப்படியில் கூடுதல் இடத்தை அடைக்கும், அவ்வளவே. இந்தச் சிறு வசதிக்காகப் பல பத்தாண்டு வளர்ச்சியை ஓர் இரவில் சாம்பலாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. பட்டுப்போன மரத்தைத்தானே எரிக்கிறோம் என்றால், பட்ட மரமும் சும்மா நிற்பதில்லை. ஆஸ்திரேலியாவில் முதுகெலும்புள்ள விலங்குகளில் சுமார் 300 இனங்கள் மரப்பொந்துகளை நம்பியிருக்கின்றன. கடின மரம் மட்கத் தாமதமாவதால் அந்தப் பொந்து நெடுங்காலம் வீடாக இருக்கும்.

இதைவிட வலுவான மறுப்பு குயின்ஸ்லாந்தின் மேய்ச்சல்காரர்களுடையது. வறட்சி வந்தால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மல்கா இலைதான் தீவனம். சங்கிலி ரம்பத்தாலோ டோசராலோ மரத்தைச் சாய்த்துத் தழையைத் தின்னக் கொடுக்கிறார்கள். கிட்ஜியோ சில இடங்களில் புல்வெளிக்குள் பரவுகிறது. எப்படியும் சாயப்போகும் மரத்தை எரித்தால் என்ன? என் பதில், அதுவே நல்ல சரக்கு கிடைக்கும் இடம் என்பதுதான். இலை போனபின் அடிமரத்தைக் கம்பமாகவும் கைவினைக் கட்டையாகவும் பிரித்தெடுக்கலாம்; கிளைகளை அங்கேயே விட்டுவிட வேண்டும். ஆஸ்திரேலிய அறிவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த டோங்வேயும் லட்விக்கும் மல்காக் கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே குவித்து வைத்துச் சோதித்தார்கள். ஓடும் நீரும் மண்ணும் சருகும் அங்கே தங்கி, வெறிச்சிட்ட நிலம் மீண்டும் செழித்தது.

நம் நீலகிரியில் சீகை மரத்தை விறகாக்குகிறோமே என்ற கேள்வி எழலாம். அங்கே அது சரியே. 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காகவே கொண்டுவரப்பட்ட அந்த வாட்டில் வகைகள் மழை மிகுந்த தென்கிழக்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவை. வேகமாக வளர்பவை, எடை குறைந்தவை. சோலைக்காட்டுப் புல்வெளிகளை விழுங்கியும் வருகின்றன. இனப்பெயர் ஒன்றாக இருப்பதால் பயன்பாடும் ஒன்றாகிவிடாது; வளரும் வேகத்தையும் அடர்த்தியையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். வறண்ட நில வாட்டிலைப் பொறுத்தவரை செய்ய வேண்டியது பெரிய தொழில் அல்ல. சாய்ந்த மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே நீளவாக்கில் பிளந்து, முனைகளில் மெழுகு பூசி, நிழலில் ஆண்டுக்கணக்கில் மெதுவாகக் காயவிட்டால் வெடிப்பு குறையும். கத்திப்பிடிக்கோ கடைசல் வேலைக்கோ கையகலத் துண்டு போதும். அப்படி எடுத்தால், ஒரு சிறிய பட்டறைக்கு ஒரு மரமே பல காலம் வரும்.