தலைவர் இன்று இருந்திருந்தால் எந்தக் கட்சியில் இருப்பார்?

எங்கள் அரசறிவியல் ஆசிரியை ஒரு நாள் கட்சி முறைமை பற்றிய பாடத்தை முடித்தபோது மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. "மர்ஹூம் அஷ்ரப் அவர்கள் இன்று உயிரோடு இருந்திருந்தால் எந்தக் கட்சியில் இருந்திருப்பார்?" என்று கேட்டார். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பாதிப்பேர் மரம் என்றார்கள், மற்றவர்கள் குதிரை என்றார்கள். பின்வாங்கில் இருந்த ஒருத்தி மட்டும், "புதுக் கட்சி ஒன்று தொடங்கியிருப்பார் டீச்சர்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவள் சொன்னதில்தான் விடயம் இருப்பதாகப்பட்டது.

நாங்கள் யாரும் தலைவரைக் கண்டதில்லை. 2000 செப்டம்பர் 16ஆம் திகதி அரநாயக்க ஊரகந்த மலையில் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் வபாத்தானபோது எங்கள் உம்மாமார்களே பாடசாலைப் பிள்ளைகள். ஆனாலும் தேர்தல் வந்தால் அவர் பெயர் ஒலிக்காத மேடை அக்கரைப்பற்றில் இல்லை. எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளுக்கே வீடு கொடுப்பது வழக்கம். அதனால் எங்கள் வீடும் சாச்சியின் வீடும் ஒரே வளவில்தான் இருக்கின்றன. வாப்பா மரம், சாச்சா குதிரை. தேர்தல் காலத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள கடப்பு மூடப்பட்டுவிடும், கறிக்கோப்பை போய்வருவதும் நின்றுவிடும். இருவரும் சொல்லும் நியாயம் ஒன்றுதான்: "நாங்கதான் தலைவர்ர வழியில போறம்."

எது தலைவரின் வழி என்று தேடினால் ஒன்றல்ல, மூன்று வழிகள் தென்படுகின்றன.

1948இல் சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த அந்த இளம் சட்டத்தரணி, 1977 தேர்தலில் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணியோடு நின்று, தமிழர் விடுதலைக் கூட்டணிக்காக மேடையேறினார். தமிழ் பேசும் மக்கள் எல்லோரும் ஓரணி என்பதே அன்றைய அவர் நம்பிக்கை. இது முதலாவது அஷ்ரப். 1981இல் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கி, 1986இல் அதை அரசியல் கட்சியாக மாற்றியவர் இரண்டாவது அஷ்ரப். 1987 இந்திய இலங்கை உடன்படிக்கை வடக்கையும் கிழக்கையும் இணைத்தது. கிழக்கில் மூன்றில் ஒரு பங்காக இருந்த முஸ்லிம்கள் இணைந்த மாகாணத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்ற நிலைக்கு வந்தார்கள். எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றி முடிவெடுத்துவிட்டார்களே என்ற அந்தக் கோபத்தில்தான் மரம் வேர்விட்டது.

அந்தக் கோபத்தை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அப்போது ஒரு மாவட்டத்தில் 12.5 வீத வாக்குப் பெறாத கட்சிக்கு ஆசனம் இல்லை. அதாவது எட்டுப் பேரில் ஒருவராவது வாக்களித்திருக்க வேண்டும். சிறிய கட்சிகளுக்கு இது பூட்டிய கதவு. 1988 ஜனாதிபதித் தேர்தலில் பிரேமதாச அவர்களை ஆதரிக்க அஷ்ரப் அவர்கள் கேட்ட விலை, அந்த வீதத்தைக் குறைக்க வேண்டும் என்பது. தேர்தலுக்கு முன்னரே, அந்த டிசம்பரிலேயே, 15ஆவது திருத்தம் மூலம் அது 5 வீதமானது. இதன் பயன் முஸ்லிம் காங்கிரஸோடு நிற்கவில்லை. அவருக்கு வாக்களிக்காத கட்சிகள், அவரைத் திட்டிய கட்சிகள்கூட அந்தக் கதவால்தான் பிறகு உள்ளே வந்தன.

1994இல் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள், முஸ்லிம் காங்கிரஸுக்கு 7, மலையக மக்கள் முன்னணிக்கு 1. கூட்டினால் 113. அரசாங்கம் அமைக்கத் தேவையான எண்ணிக்கை சரியாக அதுதான். கணிதத்தில் பின்தங்கிய எனக்கும் மறக்காத கூட்டல் இது. துறைமுகங்கள், கப்பல்துறை, புனர்வாழ்வு அமைச்சு அவருக்குக் கிடைத்தது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டே பல்கலைக்கழகமானது. இன்று எங்கள் ராத்தாமார் பஸ்ஸேறி ஒலுவிலுக்குப் போய்ப் பட்டம் பெற்று, மஃரிபுக்கு முன் வீடு திரும்புகிறார்கள் என்றால் அந்தக் கூட்டலின் விடை அது. தூரத்துப் பல்கலைக்கழகம் என்றால் பல வாப்பாமார் அனுப்பியிருக்க மாட்டார்கள். (துறைமுகக் கனவும் ஒலுவிலில்தான் இருந்தது. 2013இல் திறந்து வைத்தார்கள். வாய் மணலால் தூர்ந்ததும் கரையைக் கடல் அரித்ததும் எல்லோரும் அறிந்த கதை.)

மூன்றாவது அஷ்ரப்பைப் பற்றித்தான் மேடைகளில் குறைவாகப் பேசுகிறார்கள். தன் கடைசிக் காலத்தில் அவர் தேசிய ஐக்கிய முன்னணியை, அதாவது நுஆவை, உருவாக்கினார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் சேரக்கூடிய கட்சியாக அது இருக்க வேண்டும் என்று விரும்பினார். 'நான் எனும் நீ' என்று தன் கவிதைத் தொகுதிக்குப் பெயர் வைத்தவருக்கு அப்படியொரு எண்ணம் வந்தது ஆச்சரியமில்லை. ஒரு சமூகத்துக்கென்று கட்சி கட்டியவரே அதன் சுவர் போதாது என்று கண்டுகொண்டார் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். அவர் வபாத்தாகி ஒரு மாதம் ஆகுமுன் நடந்த தேர்தலில் நுஆ 4 ஆசனங்கள் பெற்றது. பிறகு மெல்ல மங்கிப்போனது.

மரம் ரவூப் ஹக்கீம் அவர்களிடமும் நுஆ பேரியல் அஷ்ரப் அவர்களிடமும் போயின. எங்கள் ஊர் அதாஉல்லா அவர்கள் பிரிந்து தேசிய காங்கிரஸை அமைத்தார். ரிசாத் பதியுதீன் அவர்களின் மயில் இன்னொரு பக்கம். 2010இல் ஜனாதிபதியின் பதவிக்கால வரையறையை நீக்கிய 18ஆவது திருத்தத்துக்கு முஸ்லிம் காங்கிரஸ் ஆதரவாக வாக்களித்தது. 2020 ஒக்டோபரில் 20ஆவது திருத்தத்தின்போது தலைவர் எதிர்த்து வாக்களிக்க, அதே கட்சியின் நால்வர் ஆதரித்தார்கள். எங்கள் ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்த காலம் அது. அஷ்ரப் அவர்கள் அமைச்சராக இருந்த அரசாங்கமோ 2000 ஆகஸ்டில் நிறைவேற்று ஜனாதிபதி முறையையே முடிவுக்குக் கொண்டுவரும் அரசியலமைப்பு வரைவைப் பாராளுமன்றத்தில் வைத்திருந்தது.

இதற்காக இன்றுள்ளவர்களை மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பேரம் பேசும் கலையைக் கற்றுக்கொடுத்தவர் தலைவர்தான். அவர் கேட்ட விலையில் சட்டமும் பல்கலைக்கழகமும் இருந்தன என்பதே வித்தியாசம்.

வேறிடங்களிலும் இந்தக் கேள்வி உண்டு. அமெரிக்காவில் குடியரசுக் கட்சியினர் போற்றும் ரீகன், 1986இல் கையெழுத்திட்ட சட்டத்தால் ஆவணமில்லாத குடியேறிகள் ஏறத்தாழ 27 இலட்சம் பேர் சட்டபூர்வமானார்கள். இன்று அந்தக் கட்சியில் அப்படிச் சொல்லிவிட்டு ஒருவர் வேட்பாளராக முடியுமா தெரியவில்லை. இங்கே பிரேமதாச அவர்களின் மகனே யானையை விட்டு வெளியேறினார். 2020இல் யானைக்கு மிஞ்சியது தேசியப் பட்டியலில் ஒரே ஓர் ஆசனம்.

மூத்தாப்பாவிடம் கேட்டேன். அவர் 1994 உள்ளூராட்சித் தேர்தலை நினைவுபடுத்தினார். மேடையில் விட்ட சவாலில் தோற்றதும் தலைவர் பாராளுமன்றப் பதவியையே விட்டு விலகிய கதை. "சொன்ன சொல்லுக்காகக் கதிரைய விட்ட மனிசன் மகள். அவர் இரிந்திருந்தா குதிரையும் வந்திரிக்காது, மயிலும் வந்திரிக்காது" என்றார். சாச்சா வேலிக்கு அப்பாலிருந்து, "இரிந்திருந்தா மரத்தையே விட்டிருப்பாரு மாமா" என்றார். தேர்தல் இல்லாத காலம் என்பதால் இருவரும் சிரித்தார்கள்.

நான் சாச்சியையும் கேட்டேன். அதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 வீதம் என்று சட்டம் வந்தபோது ஒரு கட்சி அவர் பெயரைப் பட்டியலில் போட்டது. கையெழுத்து வாங்க வந்தவர்கள், கூட்டத்துக்கு வரச்சொல்லி ஒரு நாளும் அழைக்கவில்லை. திகாமடுல்லையிலிருந்து பாராளுமன்றம் போன முஸ்லிம் பெண் பேரியல் அஷ்ரப் அவர்கள்தான். அவருக்குப் பிறகு இன்னொருவர் போகவில்லை.

"தலைவர் எந்தக் கட்சியில இரிந்தாலும், என்னப் பேசச் சொல்லியிருப்பாரா எண்டு கேளு" என்றார் சாச்சி. அவர் பெயரைப் போட்டது எந்தக் கட்சி என்று மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. சாச்சாவுக்கும் தெரியாதாம்.