பனியன் துணியும் இதய வால்வும்

திருப்பூர்ப் பனியன் ஒன்றை எடுத்து இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். துணி நீளுகிறது, ஆனால் நூல் நீளவில்லை. ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கும் கண்ணிகள்தாம் வடிவம் மாறி இடம் கொடுக்கின்றன. நெய்த வேட்டியில் இந்த நெகிழ்ச்சி இல்லை. இதே பின்னல் மனித இதயத்திற்குள்ளும் வேலை செய்கிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

நம் நாட்டில் இளம் வயதினர் பலரின் இதய வால்வுகளைக் கீல்வாதக் காய்ச்சல் பழுதாக்கிவிடுகிறது. வெளிநாட்டுச் செயற்கை வால்வின் விலையோ ஏழைக் குடும்பத்திற்கு எட்டாதது. இதனால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் அறுவை மருத்துவர் வலியத்தான், பொறியாளர் புவனேஸ்வர் ஆகியோரின் குழு உள்நாட்டு வால்வு ஒன்றை உருவாக்க முனைந்தது.

பார்வைக்கு எளிய கருவிதான். ஓர் உலோக வளையம். அதற்குள் சாய்ந்து திறந்து மூடும் ஒரு வட்டத் தட்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். நிமிடத்திற்கு 72 துடிப்பு என்றால் ஓராண்டில் ஏறக்குறைய 3 கோடியே 78 லட்சம் முறை அத்தட்டு அசைய வேண்டும். பத்தாண்டுக்கு 38 கோடி! எந்தத் தொழிற்சாலை இயந்திரத்தையும் எண்ணெய் போட நிறுத்தலாம். இதை நிறுத்த முடியாது. எனவே வால்வைச் சோதனைப் பொறியில் பொருத்தி, இதயத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓட்டுகிறார்கள். பத்து மடங்கு வேகம் என்றால் பத்தாண்டுத் தேய்மானத்தை ஓராண்டிலேயே கண்டுவிடலாம்.

தோல்விகளுக்கும் குறைவில்லை. முதல் மாதிரியில் பற்றவைத்த இடத்தில் தாங்கு கம்பி முறிந்தது. பிறகு செயற்கை நீலக்கல்லில் தட்டு செய்தார்கள். கல் எளிதில் தேயாது. ஆனால் கடினமான பொருள் நொறுங்கும் இயல்பும் உடையது. விலங்குச் சோதனையில் அது உடைந்தது. மனித உடலில் உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான்காவது மாதிரியில், மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்ட பாலித்தீன் தட்டும், கோபால்ட், குரோமியம் கலந்த உலோகக் கூடும் அமைந்தன. தட்டு தன்னைத்தானே சுற்றிக்கொள்வதால் தேய்மானம் ஒரே இடத்தில் குவிவதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்: கடினமான கல் தோற்ற இடத்தில் மெத்தென்ற பிளாஸ்டிக் வென்றது.

இனிப் பனியனுக்கு வருவோம். உலோகத்தில் தையல் போட முடியாது. அதனால் கூட்டைச் சுற்றிப் பின்னிய பாலியெஸ்டர் துணி வளையம் ஒன்று இருக்கிறது. மருத்துவரின் ஊசி நுழையும்போது கண்ணிகள் விலகி வழிவிடுகின்றன. இதயத்தின் மேடுபள்ளத்திற்கு ஏற்பத் துணி படிகிறது. நாளடைவில் கண்ணி இடைவெளிகளுக்குள் திசு வளர்ந்து வால்வைப் பிடித்துக்கொள்கிறது. (அமெரிக்காவில் 1950களில் டிபேக்கி என்ற மருத்துவர், கடையில் வாங்கிய டேக்ரான் துணியைத் தம் மனைவியின் தையல் இயந்திரத்தில் தைத்தே செயற்கை இரத்தக்குழாய் செய்தார்!)

1990 டிசம்பரில் இந்த வால்வு முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் டி.டி.கே. நிறுவனம் அதைத் தொழில்முறையில் தயாரிக்கத் தொடங்கியது. அத்தகைய தொழிற்சாலையில் பொறியாளரின் நாளில் பெரும்பகுதி, புதிதாகக் கண்டுபிடிப்பதில் அன்று, சோதிப்பதிலும் எழுதிவைப்பதிலுமே கழியும். திருப்பூரில் ஊசி முறிந்து துணியில் கோடு விழுந்தால் அதை இரண்டாந்தரமாக விற்றுவிடலாம். வால்வு வளையத்தில் இரண்டாந்தரம் என்று ஒன்று கிடையாது. மருத்துவத் துணிகளை ஆராய்வதற்கென்றே கோவை சிட்ராவில் தனி மையம் இயங்குகிறது. திருப்பூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான்.