மூடிய கதவின் முன்னே

தேனி மாவட்டம் கெங்குவார்பட்டியை அடுத்த தேவதானப்பட்டியில், மஞ்சளாற்றங்கரையில் கோயில் கொண்டு அருள்பாலிக்கிறாள் மூங்கிலணை காமாட்சியம்மன். இத்தலத்தில் கருவறைக் கதவு திறக்கப்படுவதில்லை. மூடிய கதவுக்கே பூஜைகள் நடைபெறுகின்றன. மகா சிவராத்திரித் திருவிழாவின்போது, பிழைப்புக்காக வெளியூர் சென்ற பிள்ளைகள் பலரும் அன்னையைத் தேடித் திரும்பி வருவார்கள்.

அவர்களுள் சிலரது பையில் இப்போது மடிக்கணினியும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதப் பொதுமுடக்கத்தில் வீட்டிலிருந்தே பணிபுரியத் தொடங்கியவர்கள், பின்னர் சொந்த ஊரிலும் உறவினர் இல்லத்திலும் தங்கும் விடுதியிலும் அமர்ந்து அதே பணியைத் தொடரப் பழகிக்கொண்டனர். ‘சாமி கும்பிட வந்த இடத்திலுமா வேலை?’ என்று பெரியவர்கள் மனம் வருந்துவது இயல்பே.

ஆனால், இது நம் மரபுக்குப் புதிதன்று. 12ஆம் நூற்றாண்டில் அனபாயச் சோழனின் அமைச்சராக விளங்கிய சேக்கிழார், அடியார்களின் வரலாற்றைப் பாடும் பணியை அரசவையில் அமர்ந்து செய்யவில்லை. தில்லை சென்று, ஆயிரங்கால் மண்டபத்தில் இருந்து பெரியபுராணத்தை இயற்றினார். நூல் நிறைவுற்றதும் மன்னனே தில்லைக்கு வந்தான் என்பது வரலாறு. நம் காலத்திலும், ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019இல் அமெரிக்காவிலிருந்து திரும்பி, தென்காசி அருகே மத்தளம்பாறைக் கிராமத்தில் தங்கி, உலகெங்கும் வாடிக்கையாளர்களைக் கொண்ட நிறுவனத்தை வழிநடத்தினார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மேலதிகாரியின் கண்பார்வை இல்லாத இடத்தில் பணியாற்றுபவருக்குத் துணை நிற்பது மனச்சாட்சி ஒன்றே. திருமுகம் காணாமலேயே மூடிய கதவின் முன் குறைவின்றிப் பூஜை செய்யும் அர்ச்சகரின் நிலையும் அதுவே. காண்பவர் இல்லை என்பதற்காக அங்கே ஒரு தீபமும் குறைவதில்லை.

இந்த வசதி இல்லையெனில், இரண்டு நாள் விடுப்பில் வந்து மூன்றாம் நாள் விடியலில் பேருந்து ஏறும் பிள்ளைகளே மிகுதி. இன்று அவர்கள் பத்து நாள் பெற்றோருடன் தங்க முடிகிறது. பூஜை நேரத்தை முதல் நாளே சொல்லிவைத்து, பணி நேரத்தில் குறுக்கிடாதிருப்பது பெரியவர்களுக்கு அழகு. கோயிலுக்குக் கிளம்பும்போது கணினியையும் கைப்பேசியையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது பிள்ளைகளுக்கு அழகு. இரண்டும் கூடினால், செய்யும் தொழிலும் குலதெய்வ வழிபாடும் ஒரே கூரையின் கீழ் இனிதே நிறைவேறும்.