பி.டி. விதை போட்டும் காயில் புழு ஏன்?

திண்டுக்கல் வட்டாரத்தில் பருத்தி போடுபவர்களுக்கு எழும் கேள்வி இது.

மண்ணில் வாழும் ‘பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்’ என்ற பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்தியில் சேர்த்ததுதான் பி.டி. பருத்தி. இலையையோ காயையோ கடிக்கும் காய்ப்புழுவின் குடலை அந்த மரபணு தரும் புரதம் சிதைத்துவிடும். இந்தியாவில் 2002-ல் அனுமதி கிடைத்தது. 2006-ல் இரண்டு மரபணுக்கள் கொண்ட விதை வந்தது.

ஆனால், இளஞ்சிவப்புக் காய்ப்புழு இரண்டையும் தாங்கப் பழகிவிட்டது. அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ போன்றவற்றை பி.டி. தொடக்கத்திலிருந்தே தடுப்பதில்லை.

ஆகவே, விதையோடு தரப்படும் பி.டி. அல்லாத விதையை ஒதுக்காமல் விதைக்க வேண்டும். அதில் வளரும் எதிர்ப்பற்ற அந்துப்பூச்சிகள் மற்றவற்றோடு இனம் சேர்வதால், எதிர்ப்புத்திறன் பரவுவது தாமதமாகும். பூக்கும் பருவத்தில் இனக்கவர்ச்சிப் பொறி வைத்துக் கண்காணிக்கலாம். விரியாமல் ரோஜா மொட்டுபோல் மூடிக்கிடக்கும் பூக்களைப் பறித்து அழிக்க வேண்டும். கடைசிப் பறிப்பு முடிந்ததும் பருத்திமாரை வயலோரம் குவித்து வைக்கக் கூடாது. அடுத்த போகத்துக்கான புழு அங்கேதான் காத்திருக்கும்.