பழைய செருப்பில் முத்திரை, வெறும் கவரில் மடவை மீன்

வெறும் கவரை அழகாக்குவது எப்படி என்று இந்த முறை எழுதுகிறேன். "போன் இருக்கிற காலத்துல யாரு கவர் வாங்குறா?" என்று பின்பெஞ்சில் சிரிப்பீங்க, தெரியும். எங்க வீட்டுல வாங்குறோம். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்க அப்பா மங்களூரில் விசைப்படகில் வேலை செய்கிறார். மேற்குக் கடலில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மீன்பிடித் தடைக்காலம். அப்போதுதான் ஊருக்கு வருவார். மற்ற மாதங்களில் படகு ஆழத்துக்குப் போய்விட்டால் ஒரு வாரம், பத்து நாள் போன் கிடைக்காது. அதனால் நான் லெட்டர் எழுதிப் போடுவேன். கரைக்கு வந்ததும் படிப்பார். அப்பா தமிழை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவார். ஆனால் கவர் மேலே முகவரியைத் தமிழில் எழுதினால் அந்த ஊர் தபால்காரருக்குத் தெரியாதே, இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். படகு ஆட்கள் எல்லோருக்கும் வருகிற தபாலை ஒரே அலமாரியில் போட்டு வைப்பார்களாம். எல்லாம் ஒரே வெள்ளைக் கவர், ஒரே இங்கிலீஷ். என் முதல் லெட்டர் அங்கே பதினேழு நாள் கிடந்திருக்கிறது. அப்பா தினமும் அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போயிருக்கிறார்.

சரி, பார்த்ததும் தெரிகிற மாதிரி அடையாளம் வைப்போம் என்று இரண்டாவது கவரில் ஜிகினா தூவி, முகத்துவாரத்தில் பொறுக்கிய சின்னச் சிப்பிகளைப் பெவிகால் போட்டு ஒட்டினேன். உள்ளே தம்பி யூனிபார்ம் போட்டு ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ. இருந்ததே ஒரு காப்பிதான். கவர் போய்ச் சேர்ந்தது. ஒரு பக்கம் கிழிந்து, சிப்பியும் இல்லை, போட்டோவும் இல்லை. அப்பா போனில் "பரவாயில்லம்மா, லெட்டர் வந்துச்சே" என்றார். அம்மா என்னோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

தப்பு என்னுடையதுதான். தபாலாபீசில் கேட்டபோது அண்ணன் ஒருவர் விளக்கினார். தபால் தலை மேலே முத்திரையை ஓங்கிக் குத்துவார்கள். பிறகு கட்டுக்கட்டாகக் கட்டி மூட்டையில் போடுவார்கள். "மேடு பள்ளமா இருந்தா அதுவும் கிழியும், பக்கத்துல இருக்கிறதையும் கிழிக்கும்மா. தட்டையா அனுப்பு" என்றார்.

பெரியவர்களே இந்தத் தப்பைச் செய்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தபோது கொஞ்சம் ஆறுதல். ஆசியாவிலேயே முதல் தபால் தலை 1852 ஜூலை 1-ஆம் தேதி சிந்து மாகாணத்தில் வந்தது. அதற்கு 'சிந்து டாக்' என்று பெயர். முதலில் அதைச் சிவப்பு அரக்கு வில்லையில் அழுத்தி அச்சிட்டார்கள். வழியிலேயே பொடிப்பொடியாக உடைந்தது. அப்புறம்தான் பேப்பருக்கு மாறினார்கள். அவர்களுக்கு அரக்கு, எனக்குச் சிப்பி.

ஆகவே கவர் அலங்காரத்தில் முதல் பாடம், தட்டையாக இருக்க வேண்டும். அதற்கு ஏற்றது ரப்பர் முத்திரை.

முத்திரைக்கு ரப்பர் எங்கே?

கடையில் போய் முத்திரை செய்யச் சொன்னால் காசு கேட்பார்கள். நம்ம கரையில் சும்மாவே கிடக்கிறது. அறுந்துபோன ஹவாய் செருப்பு! ஏரியிலும் கடலிலும் ஒதுங்குவதில் பாதி அதுதான், அதுவும் எப்போதும் ஒற்றைக் கால். நல்ல தண்ணீரில் உப்பும் மணலும் போகக் கழுவி, இரண்டு நாள் காய வையுங்கள். மேல்பக்கம் தேய்ந்து வழவழப்பாக இருக்கும் குதிகால் பகுதிதான் நல்லது. பூப்போட்ட பள்ளம் உள்ள இடம் வேண்டாம், பள்ளமும் சேர்ந்து விழும்.

ரப்பர் மட்டும் ஏன்? மரமும் இரும்பும் கெட்டி. பேப்பருக்கு அடியில் மேசை கொஞ்சம் சமமில்லை என்றாலும் மை பாதிதான் விழும். ரப்பர் அமுங்கிக்கொடுத்து எல்லா இடத்தையும் தொடும், கையை எடுத்ததும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். மரத்தில் இருந்து வடிகிற பச்சை ரப்பர் இப்படி இருக்காது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். அதோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்று 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகுதான் ரப்பர் முத்திரையே வந்தது.

செருப்பு ரப்பரில் நுண்ணிய ஓட்டைகள் உண்டு. அதனால் அச்சு புள்ளி புள்ளியாக விழும். மீன் செதிலுக்கு அது ரொம்பப் பொருத்தம். பெயர், எழுத்து மாதிரி மெல்லிய கோடு வேண்டும் என்றால் பென்சில் அழிக்கிற ரப்பரில் வெட்டுங்கள்.

வெட்டும் முறை

பேப்பரில் மெத்தென்ற பென்சிலால் படம் வரையுங்கள். அதைக் கவிழ்த்து ரப்பர் மேலே வைத்து, ஸ்பூன் முதுகால் தேய்த்தால் படம் ரப்பருக்கு வந்துவிடும். வலது இடதாகத்தான் வரும். பயப்படாதீங்க, முத்திரை குத்தும்போது மறுபடி திரும்பிச் சரியாகிவிடும். கவிழ்க்காமல் நேராக எழுதி வெட்டினால்தான் கண்ணாடியில் பார்த்த மாதிரி விழும். நான் 'பழவேற்காடு' என்று நேராக வெட்டிவிட்டு முழித்தேன். 'ப' மட்டும் சரியாக விழுந்தது, ஏனென்றால் அது எந்தப் பக்கம் திருப்பினாலும் 'ப' தான். 'ழ' என்ன ஆனது என்று வீட்டில் கண்ணாடி முன்னால் பிடித்துப் பாருங்கள். வரலாற்றுப் பாடத்தில் வருகிற சிந்துவெளி முத்திரைகளும் இப்படித் தலைகீழாகச் செதுக்கினவைதான். நாலாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே அவங்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

படத்தைச் சுற்றி இருப்பதை வெட்டி எடுக்க வேண்டும். பிளேடைச் செங்குத்தாக இறக்காமல், கோட்டில் இருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்து வெட்டுங்கள். அடி அகலமாகவும் மேல் சிறிதாகவும் கரை மாதிரி நிற்கும். உள்பக்கம் சாய்த்தால் வால், துடுப்பு எல்லாம் நாலாவது தடவையிலேயே பிய்ந்து போகும். பிளேடு வேலை மட்டும் பெரியவங்க பக்கத்தில் இருக்கும்போது. என் இடது கைக் கட்டைவிரலை வந்து பார்த்தால் ஏன் என்று தெரியும். வெட்டியதை ஒரு தக்கைத் துண்டிலோ தீப்பெட்டியிலோ ஒட்டிவிட்டால் பிடி தயார்.

ரப்பர் கிடைக்காதவங்களுக்கு வெண்டைக்காய் இருக்கிறது. குறுக்கே வெட்டினால் ஐந்து இதழ் நட்சத்திரம். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் பிறை, உள்ளே சின்னச் சின்ன அறைகள். உருளைக்கிழங்கில் நினைத்ததை வெட்டலாம், ஆனால் தண்ணீர் விடும். துணியால் ஒற்றி எடுத்துக் கொஞ்ச நேரம் ஆறவிடாமல் குத்தினால் மை ஓடிவிடும். காய்கறி முத்திரை அன்றைக்கு மட்டும்தான், மறுநாள் நாறும்.

மை

ஸ்டாம்ப் பேட் இருந்தால் நல்லது. இல்லாதவங்க சோப்பு டப்பாவில் ஸ்பாஞ்ச் வைத்து, போஸ்டர் கலரைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றிக்கொள்ளலாம். முத்திரையை மையில் முக்காதீங்க, ஒற்றுங்கள். முதல் இரண்டு அச்சை வேஸ்ட் பேப்பரில் குத்திவிட்டுப் பிறகு கவருக்கு வாருங்கள்.

மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்து ஒரு வேடிக்கை செய்யலாம். கவர் மூலையில் மஞ்சள் கரைசலைத் தடவிக் காயவிட்டு, அதன் மேலே சுண்ணாம்புத் தண்ணீரில் ஒற்றிய முத்திரையைக் குத்தினால் மஞ்சளுக்குள் சிவப்பு மீன் வரும். அறிவியல் ஆசிரியர் காரம், அமிலம் பாடத்தில் சொன்னதுதான். சுண்ணாம்பு காரம், மஞ்சளைச் சிவப்பாக்கும். மேலே எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். கல்யாணப் பத்திரிகைக் கவரின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுகிறோமே, நம்ம ஊரில் கவர் அலங்காரம் எப்போதோ இருக்கிறது! ஆனால் மஞ்சள் வெயிலில் வெளுக்கும், அப்பாவுக்கு அனுப்புகிற கவருக்கு இதை நான் வைக்க மாட்டேன். மொய்க் கவருக்கு வைக்கலாம். அது ஒரு நாள் பொழைத்தால் போதும்.

கவரை எப்போது அலங்கரிப்பது?

ஒட்டின கவர் மேலே குத்தினால் அடியில் இருக்கும் மடிப்பு கோடாக விழும். அதனால் நீங்களே கவர் செய்யுங்கள். பழைய கவர் ஒன்றை ஒட்டின இடத்தில் ஈரம் காட்டி மெதுவாகப் பிரித்தால் அதன் முழு வடிவம் கிடைக்கும். அதை அட்டையில் வரைந்து வைத்துக்கொண்டால் எத்தனை கவர் வேண்டுமானாலும் வெட்டலாம். நான் காக்கி அட்டைப் பேப்பரில் வெட்டுகிறேன். தட்டையாக இருக்கும்போதே முத்திரை குத்தி, காய்ந்த பிறகு மடித்து ஒட்ட வேண்டும். பசைக்கு மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் கிண்டினால் போதும். போஸ்டர் ஒட்டுகிறவங்க அதில் மயில்துத்தம் கலப்பாங்க. அது விஷம், நமக்கு வேண்டாம்.

ஏரி அலை வேண்டுமா? செய்தித்தாளைக் கையால் கோணல்மாணலாகக் கிழித்து, கிழிந்த ஓரத்தைக் கவர் மேலே வைத்து, நீல மை ஒற்றிய ஸ்பாஞ்சால் ஓரத்தைத் தட்டுங்கள். பேப்பரைக் கொஞ்சம் இறக்கி மறுபடி தட்டுங்கள். மூன்று தடவையில் அலை வந்துவிடும். அதன் மேலே பூநாரை நிற்க வைக்கலாம். அதன் காலை மட்டும் ரப்பரில் வெட்டாதீங்க, பிய்ந்துபோகும், பேனாவால் போட்டுவிடுங்கள்.

கவருக்கு உள்ளே கட்டம் போட்ட பாய்

இது ஜமீலாபாத்துத் தோழி சொல்லிக்கொடுத்தது. அவள் அம்மா பனை ஓலையில் பெட்டி முடைகிறார். அதே முடைச்சலைப் பேப்பரில் செய்யலாம். இரண்டு நிறப் பேப்பரை விரல் அகல நாடாக்களாக வெட்டுங்கள். ஒரு நிறத்தை நெடுக்கே அடுக்கி, மற்றதைக் குறுக்கே ஒன்று மேலே ஒன்று கீழே என்று நுழையுங்கள். அடுத்த நாடாவை மாற்றி, கீழே மேலே. ஓலையில் ஈரம் காட்டி முடைவார்கள், பேப்பரில் ஈரமே ஆகாது. முடைந்ததை மூடி உள்பக்கமாக ஒட்டினால், கவரைத் திறக்கிறவங்களுக்கு மட்டும் கட்டம் தெரியும். வெளியே ஒட்டினால் என் சிப்பி கதைதான்.

கட்டம் என்றதும் நம்ம ஊர் பெருமை ஒன்று. பளையக்காட் லுங்கி என்று கடையில் கேட்கிறார்களே, அது பழவேற்காடு பெயர்தான். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டியதே பெரும்பாலும் துணி வாங்கி விற்கத்தான். இங்கிருந்து போன கட்டம் போட்ட துணி கிழக்குத் தீவுகளில் அவ்வளவு பிரபலம். இன்றைக்கும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட கைலிக்குப் பெலிகாட் என்று பெயர். கோட்டை இடிந்து புதராகிவிட்டது, பெயர் அங்கே இடுப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அனுப்பும் முன்

முகவரிப் பக்கத்தில் வலது மேல் மூலை தபால் தலைக்கு. அங்கேயும் முகவரி மேலேயும் எதுவும் குத்தாதீங்க. என் மீன் இடது கீழ் மூலையில். பின்கோடு ஆறு எண்களையும் தெளிவாக எழுதுங்கள். 1972 ஆகஸ்டு 15-இல் இருந்து இது நடைமுறையில் இருக்கிறது. நமக்கு 601205, மங்களூர் 575-இல் தொடங்கும். முகவரி எழுதிக் காய்ந்ததும் மெழுகுவர்த்தியை அதன் மேலே தேய்த்துவிட்டால் மழைத்தண்ணீர் பட்டாலும் மை கரையாது. எடையையும் பாருங்கள். 20 கிராமைத் தாண்டினால் தபால் தலை கூட ஒட்ட வேண்டும். முடைந்த கட்டம் வைத்தால் காகிதம் ஒன்றைக் குறைத்துவிடுவேன்.

மூன்றாவது கவரில் ஒரு மடவை மீன் குத்தி அனுப்பினேன். படகுக்குப் படகு நிறமும் அடையாளமும் வைத்து, தூரத்திலேயே யார் படகு என்று சொல்கிறார்களே, அந்த மாதிரி. கரைக்கு வந்த அன்று ராத்திரியே அப்பா போன் செய்தார். அலமாரிப் பக்கம் போகும்போதே தெரிந்துவிட்டதாம். "மடவைக்கு வாலு இப்படியா இருக்கும்? நடுவுல நல்லா பிளந்திருக்கணும்" என்று திட்டும் வாங்கினேன். வாலைத் திருத்தி வெட்டிவிட்டேன். ஸ்டுடியோவில் தம்பியைத் திரும்பப் போட்டோ எடுத்தாயிற்று, இந்த முறை இரண்டு காப்பி.

இப்போது நண்டு வெட்டிக்கொண்டிருக்கிறேன். கொடுக்கோடு சேர்த்துப் பத்துக் கால், இதுவரை ஏழு முடிந்தது. யாரிடமாவது அறுந்த செருப்பு இருந்தால், நீலமாக இருந்தால் இன்னும் நல்லது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்பதாம் வகுப்பில் கொடுங்கள். ஒற்றைக் காலே போதும்.