சொட்டுநீர்க் குழாயில் வழுவழுப்பு படிவது ஏன்?

ஓசூர், தளி, சூளகிரி வட்டாரங்களில் ரோஜா, தக்காளி, குடைமிளகாய்த் தோட்டங்களில் சொட்டுநீர்ப் பாசனம் பரவலாகிவிட்டது. போட்ட புதிதில் வரிசை முழுவதும் சீராகச் சொட்டும். நாளடைவில் கடைக்கோடிச் செடிகள் வாடத் தொடங்கும். டியூபைப் பிளந்து பார்த்தால் உட்புறம் பழுப்பு நிறத்தில் வழுவழுவென்று கசடு ஒட்டியிருக்கும். பலர் இதைப் பாசி என்பர். பாசிக்கு வெளிச்சம் வேண்டும். கறுப்புக் குழாயின் இருட்டில் அது வளராது. இது பாக்டீரியா கட்டிய வீடு. உயிர்ப்படலம் என்று இதற்குப் பெயர்.

நீரில் மிதந்து வரும் பாக்டீரியாக்களில் சில குழாய்ச் சுவரில் ஒட்டுகின்றன. முதலில் ஒட்டுவது லேசாகத்தான். வேகமாகத் தண்ணீர் விட்டால் பெயர்ந்துவிடும். ஒட்டியவை பெருகப் பெருகச் சர்க்கரைச் சத்து நிறைந்த பசையைச் சுரந்து தங்களைச் சுற்றிப் பூசிக்கொள்கின்றன. வண்டல், நுண்மணல் எல்லாம் அந்தப் பசையில் சிக்குகின்றன. படலம் தடித்தபின் உள்ளே நீரும் உணவும் போய்வரச் சிறு வாய்க்கால்கள்கூட அமைகின்றன. முற்றிய படலத்திலிருந்து துணுக்குகள் பிய்ந்து கீழே சென்று, ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள டிரிப்பரின் வழியை அடைத்துவிடுகின்றன.

படலம் வளர இரை வேண்டும். தென்பெண்ணையில் பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுநீர் கலந்து வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கியது பலமுறை செய்தியாகியுள்ளது. அத்தகைய நீரில் பாக்டீரியாவுக்கு இரை ஏராளம். இரும்புச் சத்துள்ள ஆழ்துளைக் கிணற்று நீரானால் துருநிறச் சளி படியும். இரும்பையே பயன்படுத்தி வாழும் பாக்டீரியாவின் வேலை அது.

அடைப்புக்குக் குளோரின் மருந்துதான். ஆனால் தடித்த படலத்தில் சிறிதளவு குளோரின் மேற்பரப்பிலேயே செலவாகிவிடும். பசைக்குள் இருப்பவை பிழைத்துக்கொள்ளும். டிரிப்பர் நின்றபின் ஊசியால் குத்துவதும் வீண் வேலை. துளை பெரிதாகி நீர் அளவு கெடுமே தவிர, சுவரில் உள்ள படலம் அப்படியே இருக்கும். எனவே படலம் இளசாக இருக்கும்போதே அலசிவிட வேண்டும்.

டியூப்களின் கடைசி மூடிகளை ஒரே நேரத்தில் எல்லாம் திறவாமல், சிலவற்றை மட்டும் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை வேகமாக ஓட விடவேண்டும். மணல் வடிப்பானையும் சல்லடையையும் அவ்வப்போது கழுவ வேண்டும். அதன்பின், பாசனம் முடியும் தறுவாயில் அரை மணி நேரம் குளோரின் செலுத்தலாம். 1000 லிட்டர் நீருக்கு 10 சத சோடியம் ஹைப்போகுளோரைட் 200 மில்லி சேர்த்தால் 20 பி.பி.எம். கிடைக்கும். கடைசி டிரிப்பரில் குளோரின் வாசனை வந்ததும் நிறுத்தி, இரவு முழுவதும் குழாயில் வைத்திருந்து, மறுநாள் அலசிவிட வேண்டும். பிளீச்சிங் பவுடரில் உள்ள சுண்ணாம்பு, உப்பு நீரில் தானே படிந்து அடைக்கும். அதைத் தவிர்ப்பது நல்லது. குளோரினுடன் அமிலத்தை ஒருபோதும் கலக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்தான நச்சுவாயு கிளம்பும். உரம் விடும் நாளில் குளோரின் வேண்டாம். அம்மோனியா உரங்கள் அதன் வேகத்தைக் கெடுக்கும்.

பசை கட்டும் பாக்டீரியா எல்லாமே பகை அல்ல. விதைநேர்த்திக்கு இடும் சூடோமோனாஸும் வேர்மேல் இப்படித்தான் குடியேறி, நோய்க் கிருமிகளுக்கு இடம் விடாமல் தடுக்கிறது. ஆகவே உயிர் உரம் அல்லது சூடோமோனாஸ் விடுவதானால், குளோரின் செலுத்திய குழாயை நன்கு அலசி, சில நாள் இடைவெளி விட்டே கொடுக்க வேண்டும். வெல்லம் சேர்ந்த ஜீவாமிர்தத்தைக் குழாய்வழி விடுபவர்கள் துணியில் வடிகட்டி விடுவதோடு, கடைசியில் வெறும் தண்ணீரையும் ஓட விடவேண்டும். குழாயில் தங்கும் வெல்லத் தண்ணீரும் படலத்துக்கு இரைதான்.