வகுப்பறைப் பொருளியல் சோதனை

வகுப்பறைப் பொருளியல் சோதனை என்பது, மாணவர்களே வாங்குவோர், விற்போர், பங்களிப்போர் ஆகிய நிலைகளில் இருந்து முடிவெடுத்து, அம்முடிவுகளின் விளைவுகளிலிருந்து பொருளியலைக் கற்கும் முறை ஆகும். விதிகளை மட்டும் ஆசிரியர் தருவார். ஆட்டம் முடிந்தபின், கிடைத்த தரவுகள் கோட்பாட்டுடன் ஒப்பிடப்படும். பேரம், ஒத்துழைப்பு ஆகியன இம்முறையில் பரவலாகக் கற்பிக்கப்படுகின்றன.

வரலாறு

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் சேம்பர்லின் தம் வகுப்பில் நடத்திய சந்தைச் சோதனைகளின் முடிவுகளை 1948 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவருடைய வகுப்பில் மாணவராக இருந்து இச்சோதனையில் பங்குபெற்றவர் வெர்னன் ஸ்மித். இவர் 1956 முதல் பர்டூ பல்கலைக்கழகத்தில் அதை மாற்றியமைத்து நடத்தினார். முடிவுகள் 1962 இல் வெளியாயின. 2002 ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு ஸ்மித்துக்கும் டேனியல் கானமனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1990களில் சார்லஸ் ஹோல்ட் முதலியோர், சீட்டுக்கட்டைக் கொண்டே நடத்தத்தக்க எளிய வடிவங்களை வெளியிட்டனர்.

பேரச் சந்தை

வாங்குவோர் ஒவ்வொருவருக்கும் பொருளின் மதிப்பும், விற்போர் ஒவ்வொருவருக்கும் அதன் அடக்கவிலையும் சீட்டில் எழுதித் தரப்படும். ஒருவர் சீட்டை மற்றவர் அறியார். மதிப்பிலிருந்து விலையைக் கழித்தது வாங்குபவரின் ஆதாயம். விலையிலிருந்து அடக்கவிலையைக் கழித்தது விற்பவரின் ஆதாயம்.

எடுத்துக்காட்டாக, வாங்குவோரின் மதிப்புகள் 100, 80, 60, 40 எனவும், விற்போரின் அடக்கவிலைகள் 30, 50, 70, 90 எனவும் கொள்வோம். சமநிலை விலை 60 முதல் 70 வரை அமையும். அவ்விலையில் இரண்டு வணிகங்களே நடக்கும்; மொத்த ஆதாயம் (100 + 80) – (30 + 50) = 100. ஆனால் 100 மதிப்புடையவர் 90 அடக்கமுடையவரிடமும், 80 மதிப்புடையவர் 70 அடக்கமுடையவரிடமும் என இணைந்தால் நான்கு வணிகங்கள் நடக்கும். ஒவ்வொன்றிலும் ஆதாயம் 10, மொத்தம் 40 மட்டுமே. அதிக வணிகம் அதிக நன்மை ஆகாது என்பதை மாணவர் இதிலிருந்து அறிகின்றனர்.

சேம்பர்லினின் மாணவர்கள் அறையில் நடமாடித் தனித்தனியே பேரம் பேசினர். பெரும்பாலும் சமநிலை அளவைவிட மிகுதியான வணிகம் நடந்தது. ஸ்மித் இரு மாற்றங்கள் செய்தார்: விலைகளை அனைவரும் கேட்க அறிவிக்கச் செய்தார், அதே சீட்டுகளுடன் பல சுற்றுகள் நடத்தினார். விலைகள் சமநிலையை நெருங்கின. சந்தையின் விதிகளே முடிவை மாற்றக்கூடியவை என்பது இங்குப் புலப்படுகிறது.

பொதுப்பொருள் ஆட்டம்

20 பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சிவப்புச் சீட்டுகள் தரப்படுவதாகக் கொள்வோம். கையில் வைத்துக்கொள்ளும் ஒவ்வொரு சீட்டுக்கும் அவருக்கு 4 புள்ளிகள். பொதுவில் இடப்படும் ஒவ்வொரு சீட்டுக்கும் வகுப்பில் அனைவருக்கும் தலா 1 புள்ளி.

* அனைவரும் பொதுவில் இட்டால், ஒவ்வொருவருக்கும் 40 புள்ளிகள்.
* எவரும் இடாவிட்டால், ஒவ்வொருவருக்கும் 8 புள்ளிகள்.
* ஒருவர் மட்டும் இடாவிட்டால், அவருக்கு 38 + 8 = 46 புள்ளிகள்; மற்றவர்களுக்கு 38.

பிறர் என்ன செய்தாலும் தன் சீட்டை வைத்துக்கொள்வதே தனியொருவருக்கு ஆதாயம். எல்லோரும் அவ்வாறே எண்ணினால் எல்லோருக்கும் இழப்பு. இத்தகைய ஆய்வுகளில் பங்களிப்பு தொடக்கத்தில் ஏறத்தாழ பாதியளவு இருந்து, சுற்றுகள் செல்லச்செல்லக் குறைவது வழக்கம். பிறர் இடாததைக் கண்டு, முன்பு இட்டவர்களும் நிறுத்திவிடுவது இதற்கு ஒரு காரணம். சுற்றுகளுக்கு இடையே கலந்துபேச அனுமதித்தால் பங்களிப்பு உயர்கிறது. இடாதோரைத் தம் செலவில் தண்டிக்க வாய்ப்பளித்தாலும் உயர்கிறது என எர்ன்ஸ்ட் ஃபெர், சைமன் கெக்டர் ஆகியோர் 2000 ஆம் ஆண்டில் காட்டினர்.

பயனும் வரம்பும்

பேரச் சந்தையில் தன்னலம் பொது நன்மைக்கு உதவுகிறது; பொதுப்பொருள் ஆட்டத்தில் அதுவே தடையாகிறது. இரண்டையும் ஒரே மாணவர்கள் ஆடும்போது, வேறுபாடு மனிதரின் குணத்தில் அன்று, விதிகளில் உள்ளது என்பதை உணர்கின்றனர். பொதுக்குளம், மீன்வளம், தூய காற்று ஆகியவை ஏன் சீரழிகின்றன என்பதை அறிய இது துணைபுரியும்.

எனினும், புள்ளிகளுக்காக ஆடும் மாணவர் உண்மையான பணத்தில் வேறுவிதமாக நடந்துகொள்ளலாம். ஆட்டத்திற்குப் பிந்திய கலந்துரையாடல் இல்லையெனில், இது வெறும் பொழுதுபோக்காக முடிந்துவிடக்கூடும்.

இவற்றையும் பார்க்க

* ஆட்டக் கோட்பாடு
* கேள்வியும் நிரம்பலும்
* கைதியின் குழப்பம்